நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊருக்குப் போகிறவர்களுக்கு: நெரிசலுக்குள் ஆறுதலாக இருக்க

வெளிநாடுகளில் பள்ளிக்கூட லீவு விடுகிற நேரமும் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலின் 25 நாள் திருவிழாவும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதால், ஆடிக் கடைசியிலும் ஆவணியிலும் யாழ்ப்பாணம் நிரம்பி வழியும். மூன்று கிழமை லீவில் வந்து, வந்ததை விடக் களைத்துத் திரும்புகிறவர்கள் கோவில் கூட்டத்தைத்தான் குறை சொல்வார்கள். அவர்களுடைய நாளை விரித்துப் பார்த்தால் கோவிலில் நின்றது ஒரு மணித்தியாலம் இருக்கும். மிச்சமெல்லாம் நாலு வீட்டு விசிற், மத்தியான வெயிலில் வான் ஓட்டம், இரவு பதினொரு மணிச் சாப்பாடு, இடையில் காணிப் பேச்சு. நல்லூரில் பூசை நேரம் யாருக்காகவும் பிந்தாது. அந்த நேரத்தை நடுவில் வைத்து நாளை அமைத்துக்கொண்டால் மற்றவை தாமாகவே சுருங்கிவிடும்.

முதலில் திகதி

திருவிழாவின் கடைசி நாளான தீர்த்தம் ஆவணி அமாவாசையில். அதிலிருந்து 24 நாள் பின்னுக்கு எண்ணினால் கொடியேற்றம். 2023இல் திருவிழா ஓகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 14 வரை நடந்தது. 2024இல் ஓகஸ்ட் 9 முதல் செப்டம்பர் 2 வரை. 2025இல் ஜூலை 29 முதல் ஓகஸ்ட் 22 வரை. மூன்று ஆண்டுக்குள் மூன்று கிழமைக்கு மேல் வித்தியாசம். போன முறை தேர் எந்தக் கிழமையில் என்று பார்த்து ரிக்கற் எடுத்தால் தேர் இல்லாத யாழ்ப்பாணத்தில் வந்து இறங்க நேரும். அமாவாசைத் திதி நீங்கள் வாழும் நாட்டில் ஒரு நாள் தள்ளியும் காட்டலாம் என்பதால் இலங்கைப் பஞ்சாங்கத்தையே பாருங்கள்.

எல்லோருக்கும் தேர் தேவையா என்பதையும் யோசியுங்கள். 10ஆம் நாள் மஞ்சம், 23ஆம் நாள் சப்பறம், 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். சனம் குவிவது இந்த நாட்களிலும் வார இறுதிகளிலும். ஆறுதலாகக் கும்பிட விரும்புகிறவருக்கு இரண்டாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள் வரை வருகிற கிழமை நாட்கள்தான் அருமையானவை. வயதான பெற்றோரையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் அந்த நாட்களை எடுத்துவிட்டு, தேரை வீட்டிலிருந்து நேரலையில் பார்ப்பது புத்திசாலித்தனம். அதில் பக்தி ஒன்றும் குறையாது.

தகப்பனை இழந்தவர்கள் இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். ஆடி அமாவாசை கொடியேற்றத்துக்கு ஏறக்குறைய 5 நாள் முன்னே வரும். அன்று வடக்குக் கடலோரக் கீரிமலையில் பிதிர்க்கடன் செய்துவிட்டு, சில நாள் கழித்து நல்லூர்க் கொடியேற்றத்தில் நிற்கலாம். ஒரே பயணத்தில் இரண்டும் அமையும். கீரிமலைக்கு விடிய முன்பே போய்ச் சேருங்கள். எட்டு மணிக்குப் பிறகு கேணியடியில் கால் வைக்க இடம் கிடைப்பது சிரமம்.

உடம்பின் மணிக்கூடு

நல்லூரின் மிக அமைதியான நேரம் அதிகாலை. வெளிவீதி மணல் குளிர்ந்திருக்கும், கச்சான் கடைகள் மூடியிருக்கும், அங்கப்பிரதட்டை செய்கிறவர்களும் அடியழிக்கும் (அடிக்கு அடி விழுந்து கும்பிடும்) பெண்களும் மட்டும் சுற்றி வருவார்கள். ஆனால் வந்து இறங்கிய மறுநாளே நாலரைக்கு எழும்பிப் போகலாம் என்று லண்டனில் இருந்து வருகிறவர் நினைத்தால் பிழைக்கும். யாழ்ப்பாணத்தில் காலை 4.30 என்றால் கோடையில் லண்டனில் நள்ளிரவு 12, சூரிச்சில் 1 மணி. உடம்பு அப்போதுதான் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும். ரொறன்ரோவில் அது முந்தின நாள் மாலை 7 மணி. எந்நேரம் விழிப்பு வரும், எந்நேரம் கண் சொருகும் என்று சொல்ல முடியாது. சிட்னியில் காலை 9 மணி என்பதால் அவுஸ்திரேலியாக்காரருக்கு மட்டும் இது வரம். அவர்கள் முதல் நாளே போகலாம்.

ஐரோப்பாவில் இருந்து வருகிறவர்கள் முதல் மூன்று நாள் மாலைத் திருவிழாவுக்குப் போங்கள். பகலில் அரை மணிக்கு மேல் படுக்காதீர்கள். நாலாம் நாளிலிருந்து அதிகாலைக்கு மாறுங்கள். கட்டுநாயக்காவில் இறங்கி நெடுந்தூரம் வான் பிடித்து வந்த களைப்பும் இதற்குள் தீர்ந்துவிடும். அந்த ஓட்டத்துக்கு ஏழெட்டு மணித்தியாலம் பிடிக்கும். இரவில் வந்து இறங்கினால் நீர்கொழும்பில் ஒரு இரவு தங்கிவிட்டுக் காலையில் கிளம்புவது மேல். சாரதியும் நித்திரை கொள்ள வேண்டியவர்தான்.

கோவிலுக்குள்

ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். வெளிநாட்டில் பிறந்த பொடியன்களுக்கு இதை வீட்டிலேயே சொல்லி வையுங்கள். வாசலில் வைத்துச் சொன்னால் வெட்கத்தில் அழுகையும் பிடிவாதமும் வரும். வேட்டி வழுக்குகிறவர்கள் இடுப்பில் ஒரு பெல்ற் கட்டிக்கொள்ளலாம், யாரும் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். திருவிழாக் காலத்தில் தடுப்புக்கு உள்ளே செருப்புக்கு இடமில்லை. வெளியே ஒரு மூலையில் கழற்றி வைத்த விலையுயர்ந்த சப்பாத்து திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. இறப்பர்ச் செருப்பு போதும். மத்தியானத்தில் மணல் சுடும், பிள்ளைகளின் பாதம் பொறுக்காது.

உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். அப்படியென்றால் போனை ஏன் கொண்டுபோக வேண்டும்? வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிற அந்த ஒரு மணித்தியாலம்தான் பலருக்கு முழு லீவிலும் கிடைக்கிற உண்மையான ஓய்வு. குடும்பத்தில் ஒருவரிடம் மட்டும் போன் இருக்கட்டும். பிரிந்தால் சந்திக்கிற இடத்தை முன்கூட்டியே சொல்லிக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளையின் பொக்கற்றில் உள்ளூர்த் தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டு ஒன்று வையுங்கள். தங்கச் சங்கிலியை வீட்டில் கழற்றிவிட்டு வாருங்கள். தேரன்று நெரிசலில் சங்கிலி அறுக்கிறது ஆண்டுதோறும் நடக்கிற கதை. நல்லூர் 1 ரூபாய் அருச்சனைக்குப் பேர்போன கோவில். ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டி வரிசையை மறிக்காமல் சில்லறை கொண்டு போங்கள்.

அங்கப்பிரதட்டை நேர்த்தி உள்ளவர்கள் முந்தின இரவு லேசாகச் சாப்பிட்டு, வெறும் வயிற்றோடு வாருங்கள். பழக்கமில்லாதவருக்கு அரைச் சுற்றிலேயே தலை சுற்றும். வேகமாக உருள்வதுதான் காரணம். கூட வருகிறவர் தோளைப் பிடித்துத் திசை திருத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் கோணலாகப் போய்க் கால்களில் இடிபடுவீர்கள். பிரசர், கழுத்து நோ உள்ளவர்கள் வேறு நேர்த்திக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பூசை முடிந்ததும் ஓட்டோ பிடிக்க ஓடாதீர்கள். தேரடியில் கொஞ்சம் இருங்கள். சித்தரான செல்லப்பா சுவாமிகள் பைத்தியம் என்று பேரெடுத்து இருந்த இடம் அது. யோகர் சுவாமிகள் (1872–1964) தன் குருவான செல்லப்பரைக் கண்டதும் அங்கேதான். செல்லப்பரின் ‘ஒரு பொல்லாப்பும் இல்லை’ என்ற வாக்கை யாழ்ப்பாணத்தில் இன்னும் சாதாரணப் பேச்சில் கேட்கலாம். கூட்டம் அதிகமென்றால் வடக்கே நடந்து சட்டநாதர் கோவிலுக்கும் பக்கத்து யமுனா ஏரிக்கும் போகலாம். நல்லூர் இராசதானியின் நாலு திசைக் காவல் கோவில்களில் சட்டநாதர் ஒன்று. மற்றவை வெயிலுகந்த பிள்ளையார், கைலாயநாதர், வீரமாகாளி அம்மன். நாலையும் நாலு காலையில் நடந்தே பார்த்துவிடலாம். திருவிழா நேரத்திலும் அங்கே சனம் குறைவு.

சொந்தக்காரர் வீடுகள்

உண்மையில் நாளைத் தின்பது இதுதான். ஒரு வீட்டுக்குப் போய்வர, பயணத்தோடு இரண்டரை மணித்தியாலம் என்று கணக்குப் போடுங்கள். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு வீடு, மிஞ்சினால் இரண்டு. காலை 9.30க்குப் போய் 11.30க்கு எழும்பிவிடுங்கள். பன்னிரண்டு தாண்டினால் ‘சாப்பிடாமல் போகக் கூடாது’ என்று மறிப்பார்கள், அதோடு பின்னேரமும் போய்விடும். போவதற்கு முந்தின நாளே போன் எடுத்து, ‘மாமி, தேத்தண்ணியோட வாறம், சமைக்க வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போய்ச் சாப்பாட்டை மறுத்தால்தான் மனவருத்தம். கொடியேறினால் பல வீடுகளில் மச்சம் இல்லை. பிள்ளைகள் கோழி கேட்டால் அந்த வீட்டில் வைத்துக் கேட்க விடாதீர்கள்.

செத்தவீட்டுக்கு வர முடியாமல் போனவர்கள் துக்கம் விசாரிக்க வேண்டிய வீடும், படுக்கையில் கிடக்கிற பெரியவர்கள் இருக்கிற வீடும் முதல் கிழமைக்குள் முடிய வேண்டும். கடைசி நாளுக்கு வைத்தால் பத்து நிமிடத்தில் எழும்ப வேண்டி வரும், அது இரு பக்கமும் நோகும். மற்ற ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட உறவுகளுக்கு ஒரு பொது நாள் வையுங்கள். 40 பேருக்கு மரக்கறிச் சாப்பாடு சமையல்காரரிடம் சொல்லிவிட்டு எல்லோரையும் ஒரே இடத்துக்குக் கூப்பிடுங்கள். பத்து வீட்டு அலைச்சல் ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும், பிள்ளைகளும் மச்சான் மச்சாள்களோடு ஒட்டிக்கொள்வார்கள்.

கையில் கொடுக்கிற காசின் மொத்தத் தொகையை விமானம் ஏற முன்பே கணவனும் மனைவியும் பேசி முடியுங்கள். வந்த இரண்டாம் நாளே உறைகளில் போட்டுப் பெயர் எழுதுங்கள். கடன் கேட்கிறவருக்கு அந்த இடத்திலேயே பதில் சொல்லாமல், ‘வீட்டில கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்’ என்று சொல்லி, சொன்னபடி இரண்டு நாளில் பதில் கொடுங்கள். காணி, சீதனம், எல்லைப் பிரச்சினையைத் தீர்த்தத்துக்கு முன் தொடவே வேண்டாம். திருவிழாவுக்கு நடுவே ஒரு பௌர்ணமி கட்டாயம் வரும். போயா என்பதால் வங்கியும் அரச அலுவலகமும் பூட்டு. விடுமுறையில் நிற்கிற அலுவலர்களும் இருப்பார்கள். வேலையும் முடியாது, சண்டை மட்டும் தொடங்கும்.

தங்குமிடமும் வெயிலும்

கோவிலுக்கு ஒரு கிலோமீற்றருக்குள் தங்கினால் வாகனத் தொல்லை இல்லை. கோவில் முன்னால் ஓடும் பருத்தித்துறை வீதி திருவிழா முடியும் வரை அடைபட்டு, வாகனங்கள் சுற்றித்தான் போகும். ஆனால் ஒலிபெருக்கி விடியவே தொடங்கும். தூக்கம் முக்கியம் என்றால் கோப்பாய், கொக்குவில் பக்கம் பாருங்கள். மூன்று நாலு மாதம் முன்பே பதிய வேண்டும்.

பகல் 12 முதல் 3.30 வரை ஒன்றும் வைக்காதீர்கள். தண்ணீர்ப்பந்தல் சர்பத்தும் மோரும் ஊருக்குப் பழகிய வயிற்றுக்குச் சரி. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முதல் கிழமையில் கொதித்தாறிய தண்ணீர் அல்லது போத்தல் தண்ணீர் மட்டும். பார்மசியில் ஜீவனிப் பக்கற் (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்) நாலைந்து வாங்கி வையுங்கள். ஒரு பக்கற்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீர். குறைத்துக் கரைத்தால் உப்புக் கூடி நிலைமை மோசமாகும். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அவசரத்துக்கு 1990 அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

தீர்த்தத்தன்று இரவே கொழும்புக்குப் புறப்படும் திட்டம் போடாதீர்கள். அன்று பஸ், ரயில், வான் எல்லாமே நிரம்பியிருக்கும். மறுநாள் பூங்காவனத் திருவிழா, உள்ளூர்ச் சனத்தோடு நெருக்கமில்லாமல் கும்பிடக் கிடைக்கிற மாலை. அதற்கும் நின்று, அடுத்த நாள் காலை வெளிக்கிட்டால் விமானத்துக்கு முன் ஒரு முழு நாள் கையில் இருக்கும்.