பயங்கர உருவத் திரைப்படங்களை மூல நாவல்களோடு ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மயிலாப்பூரில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் சிறிய வாசகர் வட்டத்தில் ‘டிராகுலா’ என்ற இரத்தக் காட்டேரி நாவல் குறித்துப் பேச ஒருமுறை ஒப்புக்கொண்டிருந்தேன். நாவலின் முடிவில் சூரிய ஒளி பட்டு டிராகுலா அழிந்துபோகிறான் என்று நான் சொன்னதுதான் தாமதம், முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் மடியிலிருந்த நூலகப் பிரதியைப் புரட்டி, லண்டனின் பிக்காடிலி வீதியில் பகல் வேளையில் டிராகுலா நின்றுகொண்டு வண்டியில் அமர்ந்திருக்கும் ஓர் இளம்பெண்ணை வெறித்துப் பார்க்கும் பக்கத்தை எடுத்தார். “அப்போ இது என்ன சார்?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இவ்வகை ஒப்பீடுகளில் முதலாவதும் பெரியதுமான தவறு இதுதான்: படத்தில் பார்த்ததை நாவலில் படித்ததாக எண்ணிக்கொள்வது. பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட நாவலில் பகல் நேரம் டிராகுலாவின் ஆற்றலைக் குறைக்கிறதே தவிர அவனைக் கொல்வதில்லை. வெயில் பட்டு இரத்தக் காட்டேரி மறைந்துபோகும் காட்சி, இயக்குநர் முர்னாவ் 1922இல் ஜெர்மனியில் எடுத்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற மௌனப் படத்திலிருந்து வந்தது. உரிமை பெறாமல் எடுத்த படம் என்பதால் ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்தார். பிரதிகளை அழிக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. தப்பிப் பிழைத்த சில பிரதிகளின் வழியாகத்தான் இன்று நாம் அதைப் பார்க்கிறோம். நாவலிலோ பொழுது சாயும் தறுவாயில், அவனைத் துரத்தி வந்தவர்களில் ஒருவரான ஜொனாதன் ஹார்க்கரின் குக்ரி கத்தி டிராகுலாவின் கழுத்தை அறுக்க, அதே நொடியில் குவின்சி மாரிஸின் கத்தி நெஞ்சில் இறங்குகிறது. மர ஆப்பு அறையப்படுவது, அவனிடம் கடிபட்டுக் காட்டேரியான லூசி போன்றவர்களுக்குத்தான். கூர்க்கா வீரர்களின் கையில் நாம் கண்டு பழகிய கத்தியே டிராகுலா பிரபுவின் கதையை முடிக்கிறது என்பது நம்மூர் வாசகர்களுக்கு ஒரு தனிச் சுவை.

இரண்டாவது தவறு, நாவலுக்கும் படத்துக்கும் நடுவே நிற்கும் நாடக மேடையைக் கணக்கில் கொள்ளாமல் விடுவது. பேலா லுகோசி நடித்து 1931இல் வந்த ‘டிராகுலா’, ஹாமில்டன் டீனும் ஜான் பால்டர்ஸ்டனும் உருவாக்கிய மேடை நாடகத்தை அடியொற்றியது. நரைத்த மீசையும், உள்ளங்கையில் மயிரும், மூச்சில் துர்நாற்றமும் கொண்ட கிழவனாக அறிமுகமாகும் நாவலின் டிராகுலா, வரவேற்பறைக்குள் நுழைந்து விருந்தினர்களோடு உரையாடத்தக்க நாகரிகக் கனவானாக மாறியது அந்த மேடையில்தான். அதே ஆண்டில் ஜேம்ஸ் வேல் இயக்கிய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்துக்கும் பெகி வெப்ளிங் எழுதிய நாடகம் ஒன்று இடையில் இருந்தது. ஆகவே “இயக்குநர் நாவலைச் சிதைத்துவிட்டார்” என்று தீர்ப்பெழுதுமுன், சிதைத்தவர் அவர்தானா, நாடகாசிரியரா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஃபிராங்கன்ஸ்டைன் என்பது ஓர் உயிரைப் படைத்த விஞ்ஞானி விக்டரின் குடும்பப் பெயர், படைக்கப்பட்ட உயிருக்குப் பெயரே இல்லை என்பதைப் பலரும் இப்போது அறிந்திருக்கிறார்கள். அதில் நிற்க வேண்டியதில்லை. இதைவிடப் பெரிய பிழை, அந்த உயிரைப் பேசத் தெரியாத மூட முரடனாக நாவலிலும் தேடுவது. மேரி ஷெல்லியின் நாவலில் அது ஒரு குடிசைக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்து மொழி கற்கிறது, மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ காவியத்தைப் படிக்கிறது, தன்னைப் படைத்தவனிடம் வழக்கறிஞரைப் போல நியாயம் கேட்கிறது. நாவலின் நடுப்பகுதி முழுவதும் அதன் சொந்த வாக்குமூலம். படத்தில் அந்த உயிராக நடித்த கார்லாஃபுக்கு ஒப்பனையாளர் ஜாக் பியர்ஸ் அமைத்த தட்டைத் தலையும் கழுத்துத் திருகாணிகளும் நம் மனத்தில் அத்தனை ஆழமாகப் பதிந்துவிட்டதால், அந்த வாக்குமூலத்தைப் படிக்கும்போதுகூட நமக்கு உறுமல்தான் கேட்கிறது.

இங்கே ஒரு காட்சியை மட்டும் அருகில் வைத்துப் பார்க்கலாம். படத்தில் மரியா என்ற சிறுமி ஏரிக்கரையில் அந்த உயிருக்குப் பூக்களைக் கொடுக்கிறாள். இருவரும் ஒவ்வொரு பூவாகத் தண்ணீரில் எறிந்து மிதக்கவிடுகிறார்கள். பூக்கள் தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்று நம்பி அது அவளைத் தூக்கி ஏரியில் போட்டுவிடுகிறது. நாவலில் ஏறத்தாழ இதன் மறுபக்கம் இருக்கிறது: ஆற்றின் வேகத்தில் தவறி விழுந்த ஒரு பெண்ணை அது இழுத்துக் கரைசேர்த்து உயிர்ப்பிக்க முயல்கிறது, அங்கே வந்த ஆள் அவளைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, பின்தொடர்ந்த அதன்மீது துப்பாக்கியால் சுடுகிறான். நாவலில் செய்த நன்மைக்குக் குண்டு கிடைக்கிறது. படத்தில் விளையாட்டு கொலையாக முடிகிறது. ‘படம் மாற்றிவிட்டது’ என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால், நாவல் குற்றத்தை மனிதர்கள் மீது வைக்க, படம் அதை அறியாமையின் மீது வைக்கிறது என்ற வேறுபாடு நழுவிவிடும்.

இதே காட்சி இன்னொரு பிழைக்கும் எச்சரிக்கை. தணிக்கையின் பொருட்டுச் சிறுமி எறியப்படும் பகுதி பல ஊர்களில் நீக்கப்பட்டு, 1980களில்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது. வெட்டுப்பட்ட பிரதியில், அது சிறுமியை நோக்கிக் கை நீட்டுவதோடு காட்சி அறுந்து, பிறகு தந்தை மகளின் சடலத்தை ஏந்தி வருவார். இடையில் நடந்ததை இதைவிடக் கோரமாகப் பார்வையாளர்கள் கற்பனை செய்துகொண்டார்கள். நாவலுக்கும் 1818, 1831 என இரு பதிப்புகள் உண்டு. முன்னதில் விக்டர் மணக்கும் எலிசபெத் அவனுடைய அத்தை மகள், பின்னதில் எடுத்து வளர்க்கப்பட்ட அநாதைக் குழந்தை. எந்தப் பிரதியைப் பார்த்தோம், எந்தப் பதிப்பைப் படித்தோம் என்று சொல்லாத ஒப்பீடு அரை ஒப்பீடே. பள்ளி மாணவர்களுக்கான சுருக்கப் பதிப்பைப் படித்துவிட்டு ‘நாவலில் இது இல்லை’ என்று அடித்துச் சொல்பவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

விடுபட்ட காட்சிகளை எண்ணும் பழக்கமும் நம்மிடம் வலுவாக இருக்கிறது. 2022இல் ‘பொன்னியின் செல்வன்’ வெளியானபோது சென்னையின் தேநீர்க் கடைகளில்கூட இந்தக் கணக்கு நடந்தது. பயங்கர உருவக் கதைகளில் எண்ணிக்கையைக் காட்டிலும், கதையை யார் சொல்கிறார் என்பது முக்கியம். ‘டிராகுலா’ நாவல் நாட்குறிப்புகளாலும் கடிதங்களாலும் ஆனது. டிராகுலாவின் கையெழுத்தில் நமக்குக் கிடைப்பது மிகக் கொஞ்சம். முதல் நான்கு அத்தியாயங்களுக்குப் பிறகு அவன் பெரும்பாலும் கண்ணிலேயே படுவதில்லை. அச்சம் அந்த இல்லாமையிலிருந்துதான் ஊறுகிறது. நடிகருக்குச் சம்பளம் கொடுத்த தயாரிப்பாளர் அவரை அவ்வளவு நேரம் மறைத்து வைக்க முடியுமா?

முடியும் என்று காட்டியது ‘ஜாஸ்’, அதுவும் தற்செயலாக. கடலில் இயந்திரச் சுறா அடிக்கடி பழுதாகவே, ஸ்பீல்பெர்க் அதைக் காட்டாமல் இசையாலும் நீரில் மிதக்கும் பீப்பாய்களாலும் அச்சமூட்டினார். நாவலுக்கு உண்மையாக இருக்கும் படமே நல்ல படம் என்ற நம்பிக்கைக்கும் இப்படம் பதில் வைத்திருக்கிறது. பீட்டர் பெஞ்ச்லியின் 1974ஆம் ஆண்டு நாவலில் காவல் அதிகாரியின் மனைவிக்கும் கடலுயிர் ஆய்வாளர் ஹூப்பருக்கும் கள்ளத் தொடர்பு உண்டு. மேயருக்கு மாஃபியாவோடு உறவு உண்டு. ஹூப்பர் சுறாவுக்கு இரையாகிறார். படம் இவை அனைத்தையும் உதறிவிட்டது, உதறியதால்தான் மெருகேறியது என்பது என் கருத்து. திரைக்கதையில் பெஞ்ச்லியின் பெயரும் இருப்பதால், ‘எழுத்தாளருக்கு இழைத்த துரோகம்’ என்ற புலம்பலும் இங்கே எடுபடாது.

திருவல்லிக்கேணி பாரதி சாலையின் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில், அட்டையில் படத்தின் காட்சி அச்சிட்ட ஆங்கிலப் புத்தகங்கள் கிடைக்கும். அவற்றில் சில, படத்தின் திரைக்கதையைப் பார்த்து எழுதப்பட்டவை. ‘ஏலியன்’ அப்படிப்பட்டதே. ‘கிங் காங்’ நாவல், படம் 1933இல் வெளியாவதற்குச் சற்று முன்பே கடைக்கு வந்துவிட்டது. ஆனால் அதுவும் படத்துக்காக எழுதிய கதையிலிருந்து பிறந்ததுதான். உரிமைப் பக்கத்தில் ‘திரைக்கதையை அடிப்படையாகக் கொண்டது’ என்ற வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே, எதை மூலம் என்று அழைப்பது என முடிவு செய்யலாம்.

கடைசியாக, ‘பேய்ப் படம்’ என்று எல்லாவற்றையும் ஒரே பையில் போடும் நம் வழக்கம். செத்தவர் ஆவியாக வந்தால் பேய். மேரி ஷெல்லியின் படைப்போ, சுறாவோ பேய் அல்ல. யார் பயங்கர உருவம் என்ற கேள்வியிலேயே கதையின் உயிர் இருக்கும்போது இந்தச் சொல் மிகவும் காலை வாருகிறது. ரிச்சர்ட் மாத்திசனின் 1954ஆம் ஆண்டு நாவலான ‘ஐ ஆம் லெஜண்ட்’ (‘நானே பழங்கதை’) கதையில், இரத்தக் காட்டேரிகளாக மாறிய உலகில் எஞ்சிய ஒரே மனிதன் பகல்தோறும் அவர்களை வேட்டையாடுகிறான். இறுதியில், புதிய சமூகத்தின் கண்ணுக்குத் தானே அஞ்சத்தக்க பூதம் என்று உணர்ந்துதான் அந்தத் தலைப்பு வரியைச் சொல்கிறான். வில் ஸ்மித் நடித்து 2007இல் திரையரங்குக்கு வந்த படத்திலோ, மருந்தைக் காப்பாற்ற உயிர்விட்ட வீரனுக்கான புகழ்மொழியாக ‘லெஜண்ட்’ என்ற அந்தச் சொல் மாறிவிட்டது. பின்னர் குறுந்தகட்டில் வந்த மாற்று முடிவில், அந்த உயிர்களின் தலைவன் கண்ணாடிக்கு அப்பால் நின்று, ஆய்வுக்கூடத்தில் கிடத்தப்பட்டிருக்கும் தன் துணையைத் திருப்பித் தரும்படி கேட்கிறான். நாயகன் சுவரில் ஒட்டியிருக்கும், தன் சோதனைகளில் மடிந்தவர்களின் புகைப்படங்களைத் திரும்பிப் பார்க்கிறான்.