எஸ்எஸ்எச்: 'யெஸ்' அடிப்பதற்கு முன்

எஸ்எஸ்எச் என்பது தொலைவில் உள்ள சர்வருக்குள் நெட்வொர்க் வழியே பாதுகாப்பாக நுழைவதற்கான புரோகிராம். 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாட்டு இலோனென் அதை எழுதியதற்குக் காரணம், அவருடைய பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்டு பாஸ்வேர்டுகளைத் திருடியதுதான். ஒட்டுக்கேட்பதை எஸ்எஸ்எச் தடுத்துவிடுகிறது. எதிர்முனையில் இருப்பது நம் சர்வர்தானா என்பதை முதல் தடவை நாம்தான் பார்க்க வேண்டும்.

டெர்மினலில் (விண்டோஸ் என்றால் பவர்ஷெல்லில்) எஸ்எஸ்எச் என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு, பயனர் பெயர், @ குறி, சர்வரின் ஐபி முகவரி மூன்றையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். 'எஸ்எச்ஏ256' என்று தொடங்கும் கைரேகை (சர்வரை அடையாளம் காட்டும் எழுத்துத் தொடர்) ஒன்றைக் காட்டி, தொடரலாமா என்று கேட்கும். பெரும்பாலானோர் படிக்காமலேயே 'யெஸ்' அடிக்கிறார்கள். எதிரில் இருப்பது போலி சர்வர் என்றால், அடுத்து நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்ட் நேராக அதன் கைக்குப் போகும்.

சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். சர்வர் வாடகைக்குத் தரும் நிறுவனத்தின் தளத்தில் வெப் கன்சோல் (பிரவுசரிலேயே திறக்கும் சர்வரின் டெர்மினல்) இருக்கும். அதன் வழியே உள்ளே போய், இடிசி-க்குள் இருக்கும் எஸ்எஸ்எச் ஃபோல்டரில் இடி25519 ஹோஸ்ட் கீயின் (சர்வரின் சொந்தச் சாவியின்) 'பப்' ஃபைலை, சாவிகளைக் கையாளும் எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளைக்கு -எல், -எஃப் ஆப்ஷன்களோடு கொடுங்கள். வருகிற கைரேகையை காப்பி செய்து, 'யெஸ்' அடிக்க வேண்டிய இடத்தில் ஒட்டுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எச் 8.0 முதல் இந்த வசதி உண்டு. ஒத்துப்போனால்தான் இணைப்பு தொடரும். கண்ணால் ஒப்பிடும் வேலை இல்லை.

பிறகு ஒருநாள் 'ஹோஸ்டின் அடையாளம் மாறிவிட்டது' என்று பெரிய எச்சரிக்கை வந்தால் காரணத்தைத் தேடுங்கள். சர்வரை ரீஇன்ஸ்டால் செய்திருக்கலாம், அதே ஐபி வேறு மெஷினுக்குப் போயிருக்கலாம். அப்படி என்றால் எஸ்எஸ்எச்-கீஜென்னில் பெரிய எழுத்து ஆர் ஆப்ஷனோடு முகவரியைக் கொடுத்துப் பழைய பதிவை நீக்கிவிட்டு, புதிய கைரேகையை மறுபடி சரிபாருங்கள். காரணம் தெரியவில்லை என்றால் இணையாதீர்கள்.

அடுத்தது, பாஸ்வேர்டுக்குப் பதிலாக நுழைய உதவும் நம் சாவி. நம் கணினியில் எஸ்எஸ்எச்-கீஜென் -டி (t) இடி25519 என்று கொடுத்தால் இரண்டு ஃபைல்கள் உருவாகும். பாஸ்ஃப்ரேஸ் (சாவியைப் பூட்டி வைக்கும் ரகசியச் சொல்) கேட்கும்போது காலியாக விடாதீர்கள். லேப்டாப் தொலைந்தால் அதுதான் காப்பாற்றும். 'பப்' என்று முடியும் ஃபைல் மட்டுமே சர்வருக்குப் போக வேண்டும். எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி அதைச் செய்துவிடும். விண்டோஸில் அந்தக் கட்டளை இல்லாததால், சர்வரில் அனுமதிக்கப்பட்ட சாவிகள் இருக்கும் ஆதரைஸ்டு கீஸ் ஃபைலின் கடைசியில் நாமே ஒட்ட வேண்டும். முழுச் சாவியும் ஒரே வரியில் இருக்கட்டும். நடுவில் உடைந்தால் வேலை செய்யாது.

சாவி வைத்த பிறகும் பாஸ்வேர்ட் கேட்கிறதா? அநேகமாக பெர்மிஷன்தான். சர்வரில் டாட்-எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, ஆதரைஸ்டு கீஸ் ஃபைலுக்கு 600 கொடுங்கள். ஹோம் ஃபோல்டரில் குரூப்புக்கு எழுதும் உரிமை இருந்தாலும் சர்வர் சாவியைப் புறக்கணிக்கும். காரணம் நம் திரையில் வராது, சர்வரின் லாகில்தான் இருக்கும்.

சாவியில் நுழைய முடிந்த பிறகே, சர்வரில் ஓடும் எஸ்எஸ்எச் புரோகிராமான எஸ்எஸ்எச்டி-யின் கான்ஃபிக்கில் பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷனை 'நோ' ஆக்குங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு: ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் முதலில் படிக்கப்படுவதுதான் செல்லும். கிளவுடில் ஓடும் உபுண்டுவில் '50-கிளவுட்-இனிட்' என்ற துணை ஃபைலில் 'யெஸ்' இருந்தால், மெயின் ஃபைலில் நீங்கள் மாற்றியது வீண். எஸ்எஸ்எச்டி-யை சூடோவுடன் (நிர்வாகி உரிமையோடு) பெரிய எழுத்து டி (T) ஆப்ஷன் கொடுத்து ஓட்டினால் நிஜமாக எது அமலில் உள்ளது என்று தெரியும். சிறிய எழுத்து டி (t), கான்ஃபிக்கில் எழுத்துப்பிழை இருந்தால் சொல்லும். சர்வீஸை ரீலோட் செய்தபின், இருக்கிற விண்டோவை மூடாமல் இன்னொரு விண்டோவில் நுழைந்து பாருங்கள். புதியது திறக்காவிட்டால், பழையதிலிருந்து சரிசெய்யலாம்.

இணைப்பே கிடைக்காதபோது, 'ரெஃப்யூஸ்ட்' என்றால் பெரும்பாலும் அந்த போர்ட்டில் எஸ்எஸ்எச் ஓடவில்லை. வழக்கமான போர்ட் 22. 'டைம்டு அவுட்' என்றால் ஃபயர்வாலையும் ஐபியையும் பாருங்கள். 'டூ மெனி ஆதென்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்' வந்தால், ஏஜென்ட்டில் (சாவிகளை நினைவில் வைத்திருக்கும் புரோகிராமில்) உள்ள எல்லாச் சாவிகளையும் வரிசையாக நீட்டி வாய்ப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். நம் கணினியில் உள்ள கிளையன்ட் கான்ஃபிக்கில் ஐடென்டிட்டீஸ் ஒன்லி 'யெஸ்' என்று வைத்து, எந்தச் சாவி என்பதையும் ஐடென்டிட்டி ஃபைலில் குறிப்பிடுங்கள். வேறு எதுவானாலும் -வி சேர்த்து ஓட்டினால் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.