ஹெர்னியா ஆபரேஷன்: மரப்பு ஊசியை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள்

கீஹோல் முறையில் (சிறு துளைகள் வழியே) ஹெர்னியா எனும் குடலிறக்க ஆபரேஷன் முடிந்த அன்று மாலை பலருக்கு வலியே தெரியாது. மயக்க மருத்துவர் போட்ட நரம்பு மரப்பு ஊசியின் வேலை அது. அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி, வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கு நடுவே ஓடும் நரம்புகளைச் சுற்றி பியூபிவகேய்ன் அல்லது ரோபிவகேய்ன் மருந்தைச் செலுத்துவார்கள். 'டேப் பிளாக்' (TAP block) என்பது இத்தகைய ஊசிகளில் அதிகம் போடப்படும் ஒன்று. ஒரே தடவை போட்ட ஊசி என்றால், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் மரப்பு விட்டுவிடும்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. "வலிதான் இல்லையே, மாத்திரை எதற்கு?" என்று படுத்துவிடுவார்கள். நடு இரவில் மரப்பு விலகும்போது வலி மொத்தமாக வந்து தாக்கும். ஏறிவிட்ட வலியை இறக்குவது சிரமம், மாத்திரை வேலை செய்யவும் நேரம் பிடிக்கும். ஆகவே மரப்பு இருக்கும்போதே பாராசிட்டமாலைத் தொடங்கி, முதல் இரண்டு மூன்று நாளாவது வலிக்காகக் காத்திராமல், எழுதிக்கொடுத்த நேரப்படி போடுவதே நல்லது. மருத்துவர் வீக்கம் குறைக்கும் மாத்திரையும் கொடுத்திருந்தால் இரண்டையும் சேர்த்தே எடுக்கலாம். இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு.

ஆனால் வீக்கம் குறைக்கும் மாத்திரைகளான ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் ஒரே இனம். அவற்றைச் சேர்த்துப் போட்டால் பலன் கூடாது, வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும்தான் கேடு. சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் எல்லாம் சேர்த்து 4 கிராம் பாராசிட்டமால்தான் உச்சவரம்பு. எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும் அதைவிடக் குறைவு. டிராமடால் போன்ற வீரியமான வலி மாத்திரைகள் மலச்சிக்கல் தரும். ஆபரேஷன் ஆன வயிற்றை வைத்துக்கொண்டு முக்குவது கொடுமை, அதனால் மலமிளக்கியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தோள்பட்டை வலித்தால் "ஊசி சரியாகப் போடவில்லை" என்று பழி சொல்பவர்களும் உண்டு. ஊசிமேல் குற்றமில்லை. ஆபரேஷனின்போது வயிற்றை விரிக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்தின் நரம்பும் தோளின் உணர்வும் கழுத்துப் பக்கம் ஒரே இடத்தில் சேர்வதால், மூளை அதைத் தோள்வலியாக எடுத்துக்கொள்கிறது. வயிற்றுச் சுவரை மட்டும் மரக்கவைக்கும் ஊசி இதைத் தொடாது. உள்ளே ஆழத்தில் மந்தமாக இழுக்கும் வலிக்கும் அதே கதைதான். தோள்வலி பெரும்பாலும் சில நாளில் தானே அடங்கும். கூடவே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

முதல்முறை எழுந்து நிற்கும்போது துணை வேண்டும். சில சமயம் மருந்து தொடை நரம்புவரை பரவி, முழங்கால் மடங்கிவிடும். விழுந்த பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது! மரத்த தோலில் வெந்நீர்ப் பை வைப்பதும் வேண்டாம். சூடு உறைக்காது, கொப்பளம்தான் மிஞ்சும்.

வலி நாளுக்கு நாள் கூடினால், வீக்கம் பெருத்தால், சிறுநீர் போகாவிட்டால், வாந்தி நிற்காவிட்டால், காய்ச்சல் வந்தால் மாத்திரையைக் கூட்டிச் சமாளிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். இன்னொன்று: மரப்பு விட்டதும் இடுப்பு மடிப்பிலோ தொடையிலோ தீயாய் எரிந்து, ஷாக் அடிப்பதுபோல் வலி பாய்ந்தால், ஹெர்னியா இடத்தில் வைத்த வலையைப் பிடித்து நிறுத்தும் சிறு ஆணி (pin) ஏதேனும் ஒரு நரம்பில் மாட்டியிருக்கலாம். அடுத்த செக்கப் வரை பொறுக்காமல் ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.