புது ரிங் என்று நம்பி அப்படியே மாட்டாதீர்கள்

பழைய அம்பாசிடர் இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. போரிங் (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்குவது) முடிந்தது, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனும் வந்தாச்சு, பிஸ்டன் ரிங் பாக்கெட்டில் சைஸ் அச்சடித்திருக்கிறது, அப்புறம் என்ன என்று ஏற்றிவிடாதீர்கள். முதலில் ரிங்கை மட்டும் வெறும் போரில் (சிலிண்டர் துளையில்) இறக்கி, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளுங்கள். அப்போதுதான் ரிங் கோணாமல் உட்காரும். பிறகு ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஃபீலர் கேஜ் (அளவு குறித்த மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். போரின் விட்டத்தில் அங்குலத்துக்கு 4 தவு (ஒரு தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி என்பது பொதுக் கணக்கு. 1489 சிசி இன்ஜினுக்கு போர் 73 மி.மீ., ஆக சுமார் 12 தவு, அதாவது 0.3 மி.மீ. மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி.

இடைவெளி குறைந்தால் என்ன ஆகும்? நான் பட்டிருக்கிறேன். கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் "புது ரிங்குதானுங்க, சரியாத்தான் இருக்கும்" என்றார்கள், நானும் தலையாட்டினேன். மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி மேட்டில் ஏறும்போது சூட்டில் ரிங் விரிந்து முனைகள் முட்டி, போர் முழுக்கக் கோடு.

இடைவெளி பத்தாவிட்டால் மெல்லிய அரத்தால் ஒரு முனையை மட்டும், வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி அராவுங்கள். இரண்டு இழுப்பு, உடனே அளவு. அவசரப்பட்டால் ரிங் போச்சு. எந்த சிலிண்டரில் அளந்த ரிங்கோ அதிலேயே போகட்டும், சீட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கிராங்க் பேரிங்கின் இடைவெளியை அளக்கப் பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தை வைத்து இடைவெளியைக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) போதும். எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு வையுங்கள், போல்ட்டை முழு டார்க்கில் (குறித்த முறுக்கு அளவில்) முறுக்கிக் கழற்றும்வரை கிராங்கைத் திருப்பக் கூடாது.