கடகட சத்தமும் லோயர் ஆர்ம் புஷ்ஷும்

வேகத்தடை ஏறினாலே என் பழைய எஸ்யூவி கடகடக்கும். ஷாக் அப்சார்பர்தான் என்று நினைத்து முன்பக்கம் இரண்டையும் மாற்றினேன், சத்தம் போகவில்லை. பிறகு பார்த்தால், கோளாறு லோயர் ஆர்மில் (சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு கீழ்ப்பக்கம் இணைக்கும் இரும்புக் கை). அது சட்டத்தில் சேரும் இடத்தில் உள்ள மெத்தை போன்ற புஷ்ஷில் ரப்பர் கிழிந்து, கம்பியால் நெம்பினால் ஆர்ம் தாராளமாக ஆடியது.

அதனால் முதலில் சோதியுங்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பால் ஜாயின்ட் (ஆர்மையும் சக்கரப் பகுதியையும் இணைக்கும் குண்டு மூட்டு) அல்லது சக்கர பேரிங் தேய்ந்திருக்கும். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் பெரும்பாலும் டை ராட் எண்ட், அதாவது ஸ்டீயரிங் கம்பியின் முனை மூட்டு.

துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். புது ரப்பர் புஷ் போட்டதும் போல்ட்டை லேசாகத்தான் முடுக்க வேண்டும்; சக்கரம் தரையில் நின்று, வண்டியின் பாரம் இறங்கிய பிறகே முழு இறுக்கம். தொங்கவிட்டே இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழியும். நான் பட்டது! அப்புறம் வீல் அலைன்மென்ட்.