பிடிக்காத நாடியை எழுதாதீர்கள்: சீன மருத்துவப் பயிற்சி மாணவர்களுக்கு

கோலாலம்பூரில் ஒரு பயிற்சி கிளினிக்கில் சீன மருத்துவ மாணவர்களை மேற்பார்வை செய்கிறேன். மாணவர் நோயாளியிடம் விசாரித்து, நாக்கைப் பார்த்து, நாடி பிடித்து, மருந்தையும் எழுதி என் மேசைக்குக் கொண்டுவர வேண்டும். நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஊசியோ மூலிகையோ. போன வாரம் வந்த தாள்களில், மாணவனாக இருந்தபோது நான் செய்த அதே தவறுகளைப் பார்த்தேன். கை கழுவ மறப்பது, ஊசியின் தண்டைத் தொடுவது எல்லாம் முதல் வாரத் திட்டிலேயே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வழித்த நாக்கு

"நாக்கில் படிவு இல்லை, வயிற்றில் யின் (உடலின் குளிர்ச்சியும் ஈரமும்) குறைவு" என்று எழுதி வருகிறார்கள். நம் தமிழ் நோயாளிகளில் பலர் பல் துலக்கும்போதே நாக்கை வழித்துவிட்டு வருகிறவர்கள். படிவு எங்கிருந்து இருக்கும்? அதேபோல, வரும் வழியில் கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) குடித்தவரின் நாக்கு பழுப்பாகத்தான் இருக்கும். அது உள்சூடு ஆகிவிடாது. முதலில் கேளுங்கள். அடுத்த முறை வரும் நாளில் வழிக்காமல் வரச் சொல்லுங்கள்.

பிடிக்காத நாடியை எழுதுவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வரவைப்பது இதுதான்.

நோயாளி பேசப் பேச மாணவரின் மனதில் பாடப்புத்தகம் திறந்துகொள்கிறது. மன அழுத்தம், பெருமூச்சு, விலாவில் இறுக்கம். சரி, கல்லீரல் ச்சி (உயிராற்றல்) தேக்கம். அதற்குரிய நாடி வில்நாண் போல விறைத்தது. மணிக்கட்டில் விரல் வைப்பதற்குள் விடை முடிவாகிவிட்டது. பத்து வினாடி வைத்துவிட்டு "நாண் நாடி" என்று எழுதிவிடுவார். போன வாரம் ஒரு மாணவி அப்படித்தான் எழுதியிருந்தார். நான் பிடித்தபோது நாடி ஆழத்தில், நூல் போல, அழுத்தினால்தான் தட்டுப்பட்டது. எப்படி நாண் நாடி என்றீர்கள் என்று கேட்டேன். "ரொம்ப டென்ஷன் என்று சொன்னாங்களே, லாவ்ஷி" என்றார். லாவ்ஷி என்றால் ஆசிரியர்.

நானும் அதைத்தான் செய்தேன். இறுதியாண்டில் ஒரு சீன ஆன்ட்டி வந்தார், அறுபதைத் தாண்டியவர். மார்பில் அடைப்பு, தூக்கமில்லை, மகனோடு மனத்தாங்கல். நாக்கு ஊதா. தேக்கம், அதோடு ரத்தக் கட்டு என்று முடிவு செய்து, ரத்த ஓட்டத்தைத் தூண்டும் மூலிகையான தான்ஷென் 15 கிராம் சேர்த்து எழுதினேன். நாடிக்கு நேராக "நாண்". வேறு மருந்து உண்டா என்று கேட்டதற்கு "பிரஷர் மாத்திரை" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அன்று கூட்டம் அதிகம். என் லாவ்ஷி தாளைப் பார்த்துவிட்டு, "துடிப்பு சீராக இருந்ததா?" என்று ஒரே கேள்வி கேட்டார். இருந்தது என்றேன். கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழித்து ஆன்ட்டி மகளோடு வந்தார். கையெல்லாம் நீலத் திட்டு, பல் துலக்கினால் ஈறில் ரத்தம். அவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயம் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு இருந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாக 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டிய, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 6-ஐத் தாண்டியிருந்தது. தான்ஷென் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும் என்பதை 1990-களிலேயே ஹாங்காங் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எனக்கும் பாடத்தில் வந்ததுதான். லாவ்ஷி என் விரல்களை எடுத்து ஆன்ட்டியின் மணிக்கட்டில் வைத்தார். ஒரு துடிப்பு, ஒரு தடுக்கல், அடுத்தடுத்து மூன்று, மறுபடி இடைவெளி. கவனித்திருந்தால் பயிற்சியே இல்லாதவருக்குக்கூடத் தெரிந்திருக்கும். தாறுமாறாக நின்று நின்று வரும் நாடிக்கு நம் மருத்துவத்தில் தனித்தனிப் பெயர்களே உண்டு: மெதுவாக வந்தால் ஜியே, வேகமாக வந்தால் ட்சு. இரண்டையும் தேர்வில் நான் சரியாக எழுதியவன்.

லாவ்ஷி தானே பிடித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். உண்மை, அதனால்தான் இன்று நான் ஒவ்வொரு நோயாளியின் நாடியையும் தொடாமல் கையெழுத்துப் போடுவதில்லை. ஆனால் அவர் கேட்டார், நான் பொய் சொன்னேன். மேற்பார்வை என்பது மாணவர் கொண்டுவரும் தகவலின் மேல்தான் நிற்கிறது.

ஐம்பது துடிப்புகூட எண்ணாமல் நோயைக் கணிக்கிறார்கள் என்று பண்டைய சீன மருத்துவர் சாங் சோங்ஜிங் ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன்பே தன் கால மருத்துவர்களைக் கடிந்துகொண்டார். ஆகவே ஒவ்வொரு கையிலும் கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிடம். சீரா, தடுக்கலா என்பதை முதலில் எழுதுங்கள். விரலுக்குத் தெரிந்ததை உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். நாடியின் பெயர் அப்புறம் வரட்டும். "பிடிபடவில்லை" என்று எழுதினால் நான் திட்டவே மாட்டேன், உட்கார்ந்து சேர்ந்து பிடிப்போம். மருந்து உண்டா என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள், மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொல்லிக் கண்ணால் பாருங்கள்.

காலி வயிறு

சாப்பிட்டாரா என்று கேட்காமல் ஊசி போடாதீர்கள். நோன்பு மாதத்தில் மாலையில் வரும் மலாய் நோயாளிகள் விடியலிலிருந்து தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார்கள். உட்காரவைத்துக் குத்தினால் மயங்கிச் சரிந்துவிடுவார்கள். படுக்கவைத்து, குறைந்த ஊசி. அல்லது நோன்பு திறந்த பின் வரச் சொல்லுங்கள்.

சுன் அளவு

ஊசிப் புள்ளியின் இடத்தை அளக்கும் ஒரு சுன் என்பது நோயாளியின் கட்டைவிரல் அகலம். உங்களுடையது அல்ல.

தோள் மேல் ஜியென்ஜிங்

இந்த ஊசிப் புள்ளிக்குக் கீழே நுரையீரலின் நுனி. நான் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள்.

ஊசிக் கணக்கு

14 குத்தினால் 14 எடுக்க வேண்டும். குத்தும்போதே எண்ணைத் தாளில் எழுதுங்கள். விட்டுப்போவது பெரும்பாலும் உச்சந்தலையில், முடிக்குள் இருப்பதுதான். நோயாளி எழுந்து தலைவாருவதற்கு முன் அங்கே விரலால் தடவிப் பாருங்கள்.