மூன்றாம் வகுப்பில் ஐந்து நிமிட யோகா

கோத்தகிரிப் பக்கம் காலையில் வகுப்பறைத் தரை சில்லென்று இருக்கும். அதனால் படுத்துச் செய்யும் ஆசனங்களில் ஆரம்பிக்காதீர்கள். ஸ்வெட்டரோடு நின்றபடியே தாடாசனம்: கைகளை உயர்த்தி, குதிகாலைத் தூக்கி, மூன்று மூச்சு. அப்புறம் ஒற்றைக்காலில் மரம்போல் நிற்கும் விருட்சாசனம். தடுமாறும் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொள்ளட்டும். தூக்கிய பாதத்தைக் கெண்டைக்காலில் வைத்தால் போதும், முழங்கால் மூட்டில் அழுத்தக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்தது, கேட்கும் பயிற்சி. கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள், சில குழந்தைகளுக்கு அது பயம். தரையைப் பார்த்தபடி, ஒரு நிமிடம் காதில் விழும் சத்தங்களை விரல்விட்டு எண்ணட்டும். கொண்டை ஊசி வளைவில் தேயிலை லாரி கியர் மாற்றுவது, வேலியில் சின்னான் குருவி, தகரக்கூரையில் சொட்டும் தண்ணீர். பிறகு ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பில் வாயே திறக்காத ஒரு சிறுமி, "இவன் மூக்கு உறிஞ்சுறது கேட்டுச்சு மிஸ்" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

மலையில் சளி சகஜம். மூக்கடைத்த பிள்ளைக்கு, மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடிசுத்தி வேண்டாம், வாயால் மெல்ல ஊதட்டும். மூச்சை அடக்குவதும், தலைகீழாக நிற்கும் சிரசாசனமும் இந்த வயதுக்குக் கூடவே கூடாது.

மதிய உணவுக்கு முந்தைய பாடவேளைதான் சரியான நேரம். சாப்பிட்டவுடன் வேண்டாம். சத்தம் போட்டதற்குத் தண்டனையாகத் தியானத்தில் உட்கார வைக்காதீர்கள், அப்புறம் பிள்ளைகள் அதை வெறுத்துவிடுவார்கள். ஜூன் 21 யோகா தினத்துக்கு மட்டும் வரிசையில் நிறுத்துவதைவிடத் தினமும் ஐந்து நிமிடம் மேல். மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்துக்கு வெயில் வரும் நாளாகப் பார்த்து, தடித்த ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள்.